இல்லாத கைக்கு மருந்து

கவரைப்பேட்டையில் ஜி.என்.டி. ரோட்டோரம் ஒரு டீக்கடை இருந்தது. காலை ஷிப்ட்டுக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்குப் போகிற வேன்கள் அங்கேதான் நின்று ஆள் ஏற்றும். சில வருஷங்களுக்கு முன்பு ஒரு மார்கழிக் காலை. இரவு ஷிப்ட் முடித்து வந்த ஒருவர், வாங்கிய டீயை வாயில் வைக்காமலே ராத்திரி நடந்ததைச் சொன்னார். "பிரஸ்ஸுல ஹெல்பர் பையனுக்கு நாலு வெரலு போய்டிச்சு. பீஸ எடுக்கக் கைய வுட்டான், பிரஸ் எறங்கிடிச்சு."

யாரும் பேசவில்லை. ஆனால் அங்கிருந்த கைகள் எல்லாம் ஏதோ செய்தன. ஒருவர் விரல்களை அக்குளுக்குள் செருகிக்கொண்டார். இன்னொருவர் வலது கையை இடது கையால் பொத்திக்கொண்டார். பாலை ஆற்றிக்கொண்டிருந்த டீ மாஸ்டர் "ஸ்ஸ்" என்று பல்லிடுக்கில் காற்றை இழுத்தபடி கையை உதறினார். அடிபட்டது யாருக்கோ, பதறியது இத்தனை பேருடைய கை.

பெஞ்சின் ஓரத்தில் இருந்த ஒருவருக்கு மட்டும் பொத்திக்கொள்ள வலது கை இல்லை. ஐம்பது வயது இருக்கும். சட்டையின் வலது கையை முழங்கைக்குக் கீழே மடித்து ஊக்கு குத்தியிருந்தார். பக்கத்தில் மஞ்சப்பை, அதில் தினசரித் தாளில் சுற்றிய முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று, மூலை மட்டும் வெளியே தெரிந்தது. குளிரிலும் அவர் நெற்றியில் வேர்வை துளிர்த்திருந்தது. பக்கத்திலிருந்த இளைஞனிடம் திரும்பினார். "தம்பி, ஒன் கைல கொஞ்சம் சொடக்கு எடுத்துக்கோயேன்."

"எந்தக் கையண்ணே?"

"வலது."

பையன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, ஒவ்வொரு விரலாக இழுத்து 'டக் டக்' என்று சொடக்கு எடுத்தான். பிறகு மணிக்கட்டையும் தேய்த்துக்கொண்டான். அவர் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் பெருமூச்சு விட்டு, "போதும் தம்பி" என்று பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். "பாவம், பழசு ஞாபகம் வந்திடிச்சு போல" என்று உச்சுக்கொட்டினார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். மஞ்சப்பையிலிருந்த கண்ணாடியும் அந்தப் பையன் எடுத்த சொடக்கும் ஒரே கதையின் இரண்டு நுனிகள் என்பது வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. அந்தக் கதை தொடங்கியது ஒரு கடற்போரில்.

1797 ஜூலை மாதம், அட்லாண்டிக் கடலில் டெனெரிஃப் தீவைப் பிடிக்கப் போன ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி நெல்சனின் வலது கையில் குண்டு பாய்ந்தது. கப்பலிலேயே கையை வெட்டி எடுத்தார்கள். புண் ஆறிய பிறகு, இல்லாத கையின் விரல்களை அவர் உணர்ந்தார். கை போனபின்னும் கை இருக்கிறதென்றால், உடல் போனபின்னும் ஆன்மா இருக்கத்தான் செய்யும் என்று அவர் முடிவுகட்டினார். கடலோடி சொன்னதை மருத்துவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அறுபத்து நாலு ஆண்டு கழித்து அமெரிக்காவில் உள்நாட்டுப் போர். ஃபிலடெல்ஃபியாவில் கை கால் இழந்த வீரர்களுக்கு வைத்தியம் பார்த்த சைலஸ் வெயர் மிட்செல் என்ற மருத்துவர், படுக்கைக்குப் படுக்கை ஒரே புலம்பலைக் கேட்டார். வெட்டிய கால் அரிக்கிறது. இல்லாத கை இறுக மூடிக்கொண்டு திறக்க மாட்டேன் என்கிறது. நகம் உள்ளங்கையில் குத்துகிறது. மருத்துவ இதழில் எழுதினால் சிரிப்பார்களோ என்று தயங்கினாரோ என்னவோ, 1866-ல் 'அட்லாண்டிக் மன்த்லி' இதழில் பெயர் போடாமல் ஒரு சிறுகதையாக எழுதினார். இரண்டு கை, இரண்டு கால் எல்லாம் இழந்த ஒரு போர்வீரன் தன் கதையைத் தானே சொல்வதாக அமைந்த கதை. அதை நிஜம் என்றே வாசகர்கள் நம்பிவிட்டார்கள். பிறக்கவே இல்லாத அந்த வீரனுக்காகப் பணம் வசூலித்து அனுப்பினார்கள். கற்பனை மனிதனின் வலிக்குக் கூட நிஜப் பணம் கொடுக்கிற மனம் மனிதனுக்கு எங்கிருந்து வந்தது என்று அன்று யாரும் கேட்கவில்லை. 1871-ல் மிட்செல் அந்த நோய்க்கு ஒரு பெயர் வைத்தார். தமிழில் சொன்னால், மாய உறுப்பு.

பெயர் கிடைத்தது, மருந்து கிடைக்கவில்லை. மிச்சமிருக்கும் கையில் நரம்பு முடிச்சுப் போட்டுக்கொண்டு தொல்லை கொடுக்கிறது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் மேலே வெட்டினார்கள். வலி போய்த் திரும்பி வந்தது. நரம்பை வெட்டினார்கள், வந்தது. தண்டுவடம் வரை கத்தி போனது, அப்போதும் வந்தது. வலி கையில் இல்லை என்பது மெல்லப் புரிந்தது. எங்கே இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்கப்போகிறவர் அப்போது பிறக்கவே இல்லை. அவர் படிக்கப்போவது, கும்மிடிப்பூண்டியிலிருந்து இதே ஜி.என்.டி. ரோட்டில் தெற்கே வந்தால் சேருகிற ஓர் ஆஸ்பத்திரியில்.

வட சென்னையின் ஸ்டான்லி ஆஸ்பத்திரியைக் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். 1782 பஞ்சத்தில் பசித்து வந்த ஜனங்களுக்கு மணியக்காரர் ஒருவர் கஞ்சி ஊற்றிய சத்திரத்திலிருந்து முளைத்தது அது. 1938-ல் மருத்துவக் கல்லூரியானது. எழுபதுகளின் தொடக்கத்தில் அங்கே ஒரு மாணவர் படித்துக்கொண்டிருந்தார். விளயனூர் சுப்பிரமணியன் ராமச்சந்திரன், 1951-ல் பிறந்தவர், அரசியல் சாசனத்தை வகுத்தவர்களில் ஒருவரான அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் பேரன். அவருக்குப் பித்து கண் மேல். இரண்டு கண்ணும் தனித்தனியாகப் பார்ப்பதை மூளை எப்படி ஒரே காட்சியாக்குகிறது என்று கையில் கிடைத்ததை வைத்துச் சோதனை செய்து, எழுதி, லண்டனுக்குத் தபாலில் அனுப்பினார். உலகின் பெரிய விஞ்ஞானிகள் இடம் கேட்டுக் காத்திருக்கும் 'நேச்சர்' இதழ் 1972-ல் அதை வெளியிட்டது.

அதே ஸ்டான்லியில், அதே எழுபதுகளில், ஆர். வெங்கடசாமி என்ற அறுவை மருத்துவர் கைகளுக்கென்றே ஒரு பிரிவை வளர்த்துக்கொண்டிருந்தார். அம்பத்தூர், எண்ணூர், திருவொற்றியூர்ப் பட்டறைகளில் நசுங்கிய விரல்கள் வேறெங்கே போகும்? சாய்வாகத் துண்டிக்கப்பட்ட விரல்நுனியை, பக்கத்துச் சதையை முக்கோணமாக இழுத்து மூடும் ஒரு முறையை அவரும் சுப்பிரமணியன் என்ற இன்னொரு மருத்துவரும் 1980-ல் எழுதினார்கள். உலகெங்கும் கை மருத்துவர்கள் அதை வெங்கடசாமி பெயரால்தான் சொல்கிறார்கள். சிப்காட் என்ற நிறுவனம் தொடங்கியது 1971-ல். அதன் வரவால் வடக்கே கும்மிடிப்பூண்டி வரை பட்டறைகள் நீண்டபோது, விரல்கள் வரும் தூரமும் நீண்டது. ஸ்டான்லியின் ஒரு கட்டடத்தில் கையைத் தைத்தார்கள். இன்னொரு கட்டடத்தில் ஒருவர் கண்ணைப் படித்தார். தைக்க முடியாமல் போன கைகளின் வலி அந்தக் கண் மாணவரைத் தேடி வர இன்னும் இருபது வருஷம் இருந்தது. அது நேராகவும் வரவில்லை. பதினேழு குரங்குகள் வழியாக வந்தது.

அதை எழுதுவதற்கு எனக்குக் கை கூசுகிறது. அமெரிக்காவின் மேரிலாந்தில் சில்வர் ஸ்பிரிங் என்ற ஊரில் எட்வர்ட் டாப் என்ற ஆய்வாளர், குரங்குகளின் கையிலிருந்து மூளைக்கு உணர்ச்சி கொண்டுபோகும் நரம்பை வெட்டி ஆராய்ச்சி செய்துவந்தார். கை இருக்கும், உணர்ச்சி இருக்காது. 1981 கோடையில் அங்கே தொண்டராகச் சேர்ந்த அலெக்ஸ் பச்சேகோ என்ற இளைஞர், அழுக்குக் கூண்டுகளையும், தங்கள் மரத்த விரலையே கடித்துக் குதறியிருந்த குரங்குகளையும் படமெடுத்தார். செப்டம்பரில் போலீஸ் நுழைந்தது. வழக்கு நடந்தது, டாப் தண்டிக்கப்பட்டார், மேல்முறையீட்டில் விடுவிக்கப்பட்டார். குரங்குகள் யாருக்குச் சொந்தம் என்ற தகராறு உச்ச நீதிமன்றம் வரை இழுத்தது. வருஷங்கள் ஓடின. குரங்குகள் கிழடுதட்டின.

வாயில்லா ஜீவனின் வலியைப் பொறுக்காத மனிதர்கள் போட்ட அந்த வழக்குதான் யாரும் திட்டமிட்டிருக்க முடியாத ஒரு காரியத்தைச் செய்தது. நரம்பு வெட்டிய பிறகு பன்னிரண்டு ஆண்டு எந்த ஆராய்ச்சியாளரும் காத்திருந்ததில்லை. சாகும் நிலைக்கு வந்த குரங்குகளைக் கருணைக் கொலை செய்வதற்கு முன்னால், மயக்கத்தில் வைத்து மூளையில் மின்முனை வைத்துப் பார்த்தார்கள். கைக்கென்று இருந்த பகுதி ஊமையாகக் கிடக்கும் என்று எதிர்பார்த்தார்கள். கையைத் தொட்டால் ஊமையாகத்தான் இருந்தது. முகத்தைத் தொட்டபோது அந்தப் பகுதி துடித்தது! 1991-ல் டிம் போன்ஸும் கூட்டாளிகளும் இதை எழுதினார்கள். வளர்ந்த மூளையில் எல்லைகள் ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் நகராது என்பது அதுவரை பாடம். இங்கே ஒரு சென்டிமீட்டருக்கு மேல் முகம் நகர்ந்து கையின் காலி மனையை ஆக்கிரமித்திருந்தது.

ராமச்சந்திரன் அப்போது கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் பேராசிரியர். அந்தக் கட்டுரையைப் படித்தவருக்கு ஒரே ஒரு கேள்வி. முகத்தைத் தொட்டபோது அந்தக் குரங்குக்கு எங்கே உணர்ச்சி தெரிந்திருக்கும்? குரங்கைக் கேட்க முடியாது. மனிதனைக் கேட்கலாமே!

கார் விபத்தில் இடது கையை இழந்த ஓர் இளைஞன் வந்தான். கண்ணைக் கட்டச் சொல்லிவிட்டு, காது குடைகிற பஞ்சுக் குச்சியால் ராமச்சந்திரன் அவன் உடம்பில் அங்கங்கே தொட்டார். கன்னத்தில் வைத்தபோது, "கன்னத்தில் தெரிகிறது, என் போன கையின் கட்டைவிரலிலும் தெரிகிறது" என்றான் அவன். கொஞ்சம் தள்ளி வைத்தால் வேறு விரல். முகத்திலேயே கையின் முழு வரைபடமும் இருந்தது! கன்னத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் வழிந்தபோது, இல்லாத கையில் தண்ணீர் வழிந்தது. கனடாவின் மருத்துவர் வில்டர் பென்ஃபீல்ட் முப்பதுகளில் வரைந்த மூளை வரைபடத்தில் கைக்கு அடுத்த வீடு முகம். பக்கத்து வீட்டுக்காரன் காலி வீட்டில் குடியேறிவிட்டான். பின்னால் வந்தவர்கள், பழைய குடித்தனம் முழுதாகக் காலி ஆவதே இல்லை, கையின் சுவடு மூளையில் அப்படியே இருக்கிறது என்று காட்டினார்கள். அந்த விவாதம் இன்னும் முடியவில்லை. ஆனால் வலி குடியிருக்கும் தெரு எது என்பது 1992-ல் தெரிந்துவிட்டது. தெரு தெரிந்து என்ன பயன்? அந்த வீட்டுக் கதவைத் தட்ட ஒரு வழி வேண்டுமே.

அடுத்து வந்தவர் பத்து வருஷ வேதனையைச் சுமந்து வந்தார். மோட்டார் சைக்கிள் விபத்தில் தோளில் நரம்பு வேரோடு பிடுங்கப்பட்டு, இடது கை செயலற்றுப் போனது. ஒரு வருஷம் தூளியில் தொங்கிய கையைப் பிறகு எடுத்துவிட்டார்கள். மாயக் கை வந்தது. வந்த கையும் அசையாமல் விறைத்த கை; முழங்கையிலும் மணிக்கட்டிலும் விரல்களிலும் தாங்க முடியாத வலி.

இந்த இடத்தில்தான் கண் மாணவரின் மூளை வேலை செய்தது. கை செயலற்றிருந்த அந்த ஒரு வருஷமும், "அசை" என்று மூளை கட்டளை அனுப்பியிருக்கும். "அசையவில்லை" என்று கண் பதில் சொல்லியிருக்கும். சொல்லிச் சொல்லி, இது அசையாத கை என்று மூளை மனப்பாடம் செய்துவிட்டது. கையை எடுத்த பிறகும் பாடம் மறக்கவில்லை. கண் கற்றுக்கொடுத்த பொய்யைக் கண்ணை வைத்தே திருத்தினால் என்ன? அந்த மனிதருக்கு அவருடைய இடது கை அசைவதைக் காட்ட வேண்டும். ஆனால் இடது கையே இல்லை.

கம்ப்யூட்டரில் மாயத் தோற்றம் உருவாக்கும் கருவிகள் அன்று இருந்தன. விலை லட்சக்கணக்கான டாலர். ஆராய்ச்சிப் பணம் முழுவதையும் கொட்டினாலும் போதாது. அப்புறம் அவர் வாங்கியது ஐந்து டாலர் சமாசாரம். ஓர் அட்டைப்பெட்டியின் மூடியை எடுத்துவிட்டு, நடுவில் ஒரு கண்ணாடியைச் செங்குத்தாக நிறுத்தினார்கள். நம் வீட்டுச் சுவரில் தொங்குகிற, தலைவாரவும் பொட்டு வைக்கவும் பார்க்கிற, யாரும் இரண்டாம் முறை திரும்பிப் பார்க்காத அதே முகம் பார்க்கும் கண்ணாடிதான். முன்னால் இரண்டு ஓட்டை. நல்ல வலது கையை ஓர் ஓட்டைக்குள் நுழைக்க வேண்டும். மாய இடது கையை இன்னொன்றில் நுழைப்பதாக நினைக்க வேண்டும். தலையைச் சற்று வலப்பக்கம் சாய்த்துப் பார்த்தால், கண்ணாடியில் வலது கையின் பிம்பம், இடது கை இருக்க வேண்டிய இடத்திலேயே உட்கார்ந்திருக்கும்.

இரண்டு கையையும் சேர்த்து அசைக்கச் சொன்னார்கள். தன்னால் முடியாது, பத்து வருஷமாக அது நகரவில்லை என்றார் அந்த மனிதர். இருந்தாலும் பார்த்தார், அசைத்தார். அடுத்த நொடி கத்திவிட்டார். கை அசைகிறது! முழங்கை, மணிக்கட்டு எல்லாம் அசைகிறது! கண்ணை மூடச் சொன்னார்கள். மறுபடி கட்டை. திறந்தார், அசைந்தது. பெட்டியை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்கள்.

மூன்று வாரம் கழித்து அவரிடமிருந்து போன் வந்தது. குரலில் ஒரு பரபரப்பு. கை போய்விட்டது என்றார். எந்தக் கை? பத்து வருஷமாகக் கூட இருந்த மாயக் கை. முழங்கையும் அதன் வலியும் காணோம். விரல்கள் மட்டும் தோளிலிருந்து தொங்குகின்றன. அவற்றில் இன்னும் வலி இருக்கிறது. அதற்கும் ஒரு பெட்டி செய்து தர முடியுமா என்று கேட்டார். இல்லாத ஒரு கையை அறுத்தெடுத்த முதல் சிகிச்சை என்று ராமச்சந்திரன் அதைச் சொன்னார்.

1995-லும் 1996-லும் கட்டுரைகள் வந்தன. பத்துப் பேரைச் சோதித்ததில் ஆறு பேருக்கு மாயக் கை அசைந்தது. இறுக மூடிய மாய முஷ்டியால் தவித்த ஐந்து பேரில் நாலு பேருக்கு, கண்ணாடியில் முஷ்டி திறந்தபோது வலியும் விட்டது. கட்டுரையில் இன்னொரு சின்னத் தகவலும் இருந்தது. கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நல்ல கையைத் தொட்டால், மூன்று பேருக்கு அந்தத் தொடுகை மாயக் கையிலும் தெரிந்தது. பார்ப்பது எப்படித் தொடுவதாக மாறும்? கண்ணாடியின் கதை இங்கே இரண்டாகக் கிளைத்தது. ஒரு கிளை ஆஸ்பத்திரிகளுக்குப் போனது. மற்றது, அடுத்தவன் வலி நமக்கு ஏன் வலிக்கிறது என்ற பழைய கேள்வியில் போய் முட்டியது.

அந்தக் கேள்விக்கும் விடை தற்செயலாகத்தான் வந்தது. இத்தாலியின் பார்மா நகரில் ஜாகோமோ ரிசொலாத்தியின் ஆய்வுக்கூடத்தில், ஒரு குரங்கு தீனியைக் கையால் எடுக்கும்போது துடிக்கிற மூளை அணுவைக் கவனித்துவந்தார்கள். ஒருநாள் ஆய்வாளர் தீனியை எடுத்தார், குரங்கு சும்மா பார்த்தது, அணு துடித்தது. இதை எழுதி அனுப்பியபோது ஒரு பெரிய இதழ், பொது வாசகருக்கு ஆர்வமில்லாத விஷயம் என்று திருப்பிவிட்டது. 1992-ல் வேறொரு இதழில் வந்தது. பின்னாளில் அந்த அணுக்களுக்குக் கிடைத்த பெயரும் கண்ணாடிதான்: கண்ணாடி நியூரான்.

அது செயலைப் பார்த்துத் துடித்த அணு. வலியைப் பார்த்துத் துடிக்கும் அணு 1999-ல் டொரன்டோவில் அகப்பட்டது. மனநோய்க்காக மூளை அறுவை நடந்துகொண்டிருந்தது; நோயாளி விழித்திருந்தார். முன்மூளையின் உட்பக்கத்தில், சிங்குலேட் என்ற மடிப்பில் இருந்த ஓர் அணு, அவர் விரலில் ஊசி குத்தினால் துடித்தது. அது வலி அணு, சரி. அவர் பார்த்துக்கொண்டிருக்க, சோதனை செய்தவரின் விரலில் ஊசி குத்தியபோதும் அதே அணு துடித்தது!

மதுரையில் பிட்டுக்கு மண் சுமந்தவன் முதுகில் பாண்டியன் பிரம்பால் அடித்தான்; அடி அரசன் முதுகிலும் ஊரார் முதுகிலும் சேர்ந்து விழுந்தது என்று திருவிளையாடல் கதை கேட்டு வளர்ந்தவர்கள் நாம். சாமிக்கு விழுந்த அடி என்பதால் அதிசயமாகத் தோன்றியது. டொரன்டோவில் விழுந்தது ஒரு குண்டூசிக் குத்து.

ஒரே ஓர் அணுவை வைத்து மனித மனத்தை எழுதிவிட முடியாது. 2004-ல் லண்டனில் டானியா சிங்கர் பதினாறு ஜோடிகளை அழைத்தார். பெண் ஸ்கேன் கருவிக்குள். கணவரோ காதலரோ பக்கத்தில். இருவர் கையிலும் மின்முனை. அடுத்த சுருக் யாருக்கு என்று திரையில் சமிக்ஞை வரும். தனக்கு வலித்தபோது பெண்ணின் மூளையில் இரண்டு வகைப் பகுதிகள் எரிந்தன. எங்கே வலிக்கிறது, எவ்வளவு கூர்மை என்று கணக்கெடுக்கும் பகுதி ஒன்று. ஐயோ என்று தவிக்கும் பகுதி இன்னொன்று. அதில் இன்சுலாவும் சிங்குலேட்டும் அடக்கம். ஆணுக்கு வலித்தபோது முதல் பகுதி சும்மா இருந்தது. தவிக்கும் பகுதி மட்டும் எரிந்தது. 'அவனுக்கு வலிச்சா எனக்கு வயித்தப் பிசையுது' என்று நம் பெண்கள் சொல்வது எவ்வளவு துல்லியமான பேச்சு! கை வலிக்கிறது என்று அவர்கள் சொல்வதில்லை.

அப்படியானால் கவரைப்பேட்டை டீக்கடையில் வயிற்றைப் பிடிக்காமல் ஏன் கையைப் பொத்தினார்கள்? அதற்கு ரோமில் பதில் இருந்தது. 2005-ல் அவெனான்டியும் அலியோத்தியும் கூட்டாளிகளும், ஒரு கையில் ஊசி ஆழமாக இறங்கும் படத்தைப் பலருக்குக் காட்டினார்கள். காட்டும்போதே தலைக்கு மேல் காந்தத் துடிப்பு கொடுத்து, பார்ப்பவரின் கைத் தசைக்கு மூளை அனுப்பும் விசையை அளந்தார்கள். ஊசி எந்தத் தசையில் இறங்கியதோ, பார்த்தவரின் அதே தசை அடங்கி ஒடுங்கியது. அதே இடத்தைப் பஞ்சால் வருடினால் ஒடுங்கவில்லை. தக்காளிப் பழத்தில் ஊசி இறங்கினாலும் ஒடுங்கவில்லை. அக்குளுக்குள் விரலைச் செருகியவரும் கையை உதறிய டீ மாஸ்டரும் யோசித்துச் செய்யவில்லை. பிரஸ் இறங்கியது அவர்கள் கை மேலும்தான்.

கண்ணாடியின் முதல் கிளை இதற்குள் வெகுதூரம் போயிருந்தது. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் கால் இழந்த வீரர்கள் நிறைந்த வாஷிங்டன் வால்டர் ரீட் ராணுவ ஆஸ்பத்திரியில், ஜாக் சாவோ என்ற மருத்துவரின் குழு முறையான சோதனை நடத்தி 2007-ல் வெளியிட்டது. சிலருக்குக் கண்ணாடி; சிலருக்குத் துணி போட்டு மூடிய கண்ணாடி; சிலருக்குக் கால் அசைவதாகக் கற்பனை மட்டும். தினம் பதினைந்து நிமிஷம், நாலு வாரம். முடித்தவர்கள் 18 பேர். கண்ணாடி பார்த்த ஆறு பேருக்குமே வலி குறைந்தது. மூடிய கண்ணாடிக் குழுவில் ஒருவருக்கு மட்டும் குறைந்தது. கற்பனை செய்தவர்களில் நாலு பேருக்குக் கூடியது. சிறிய சோதனை, பிறகு நடந்த எல்லாச் சோதனையும் இதே மாதிரி பலன் காட்டியது என்று சொல்ல முடியாது. சிலருக்குப் பலிக்கிறது, சிலருக்கு இல்லை. ஆனால் செலவு ஒரு கண்ணாடி என்பதால் பிசியோதெரபி அறைகளுக்குள் அது சத்தமில்லாமல் நுழைந்துவிட்டது.

பிரிந்த இரண்டு கிளையும் 2009-ல் சேர்ந்தன. ராமச்சந்திரனும் டேவிட் பிராங்கும் கை இழந்தவர்களை உட்காரவைத்து, அவர்கள் முன்னால் வேறொருவருடைய கையைத் தொட்டார்கள், தேய்த்தார்கள். பார்த்தவர்கள் தங்கள் மாயக் கையில் அதை உணர்ந்தார்கள். கண்ணாடியும் இல்லை, பெட்டியும் இல்லை. அடுத்தவன் கையே கண்ணாடி!

நமக்கெல்லாம் ஏன் அப்படி நடப்பதில்லை? ராமச்சந்திரன் சொன்ன விளக்கம் என்னை ஒரு நாள் முழுக்க யோசிக்க வைத்தது. அடுத்தவரைத் தொடுவதைப் பார்க்கும்போது நம் மூளையும் அதைத் தன் தொடுகையாகவே ஒத்திகை பார்க்கிறது. அதே நேரத்தில் நம் தோல் ஒரு செய்தி அனுப்புகிறது: 'இங்கே யாரும் தொடவில்லை'. அந்தச் செய்திதான் ஒத்திகையை உணர்ச்சியாக மாறவிடாமல் தடுக்கிறது. கை போனவருக்கு மறுப்புச் சொல்ல அந்த இடத்தில் தோல் இல்லை. அதனால் மூளை பார்த்ததை அப்படியே நம்பிவிடுகிறது. அந்த வருஷம் நவம்பரில் மைசூரில் நடந்த டெட் இந்தியா மேடையில், இந்தக் கண்ணாடி நியூரான்களைக் காந்தி நியூரான்கள் என்று அழைத்தார் அவர். கண்ணாடி நியூரான்தான் இரக்கத்துக்கே காரணம் என்று அவர் போட்ட பெரிய கோட்டை ஏற்காத விஞ்ஞானிகள் பலர் உண்டு. அந்தச் சண்டையில் நியாயம் இருக்கிறது. குரங்கின் கையசைவு அணுவிலிருந்து மனிதக் கருணைக்கு இன்னும் பாலம் முழுதாகக் கட்டப்படவில்லை. ஆனால், இன்னொருவர் உடலைப் பார்த்தே மாய வலி குறையும் என்பதற்கு அவருக்கு வேறு சாட்சியும் வந்தது. மறு வருஷமே சாவோவும் அவருடைய கூட்டாளியும் அப்படி ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். இன்னொருவருடைய காலைப் பார்த்தே அவருக்கு வலி தணிந்தது.

இத்தனையும் படித்த பிறகுதான் கவரைப்பேட்டை டீக்கடை எனக்குத் திரும்ப ஞாபகம் வந்தது. அந்த மனிதரை மறுபடி பார்க்க நாலைந்து தரம் போக வேண்டியிருந்தது. குடோன் ஒன்றில் ராத்திரி வாட்ச்மேன் வேலை. பிரஸ்ஸில்தான் கை போனது; ஆகிவிட்டது எட்டு வருஷம். வலி ராத்திரியில்தான் அதிகம் என்பதால் கண்ணாடியை டியூட்டிக்கும் எடுத்துப் போவார். பிசியோதெரபி பார்த்த அம்மா வாங்கச் சொன்னதாம். பொன்னேரி பஜாரில் நூற்றிருபது ரூபாய். கேட்டுக்குப் பக்கத்து அறையில் ஸ்டூல் மேல் அதை நிறுத்திவைத்து, இடது கையை விரித்து விரித்து மூடுவார். அதில் பாதி வலி போகும். விபத்துச் செய்தி கேட்ட அன்றைக்கு மாதிரி திடீரென்று பிடித்துக்கொண்டால் பையிலிருந்து எடுத்து நிறுத்த நேரம் இருக்காது.

சொடக்கு வைத்தியம் யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டேன். யாரும் இல்லை என்றார். காலேஜ் படிக்கிற மகள் ஒரு நாள் ராத்திரி எழுதி எழுதிக் கை ஓய்ந்து, தன்பாட்டுக்குச் சொடக்கு எடுத்திருக்கிறாள். எதிரே படுத்திருந்தவருக்குக் கட்டைவிரல் விட்டது. ஆள்காட்டி விரல் விட்டது. எழுந்து உட்கார்ந்துவிட்டார். பயந்துபோய் அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

"நான் என்னா சொல்றது அதுங்கிட்ட? எடும்மா, நிறுத்தாத, எடுன்னேன். அது ஒண்ணும் புரியாம என்னப் பாத்துக்கினே எடுத்திச்சு. நாலு வெரல் எடுத்துட்டுப் போதுமாப்பான்னுச்சு."

இடது கையால் வலது சட்டைக் கையின் ஊக்கைச் சரிசெய்தபடி சிரித்தார்.

"சுண்டு வெரல வுட்டுட்டியேம்மான்னேன்."